பியானோ மேல் எரிந்த மெழுகுவத்தி

தபிதா ஓல்ட்ராய்டுக்குக் காது கேட்காது என்ற விஷயம் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி தபிதா. மற்றவள் அவளுடைய அண்ணி ஹன்னா. கூடப் பிறந்த அண்ணன் ஆமோஸுக்குத் தெரியாது. தான் பேசுவதை எதிரில் இருப்பவர் கேட்கிறாரா என்று பார்க்கிற பழக்கமே ஆமோஸுக்கு இல்லாததால், அவன் கண்டுபிடித்துவிடும் ஆபத்தும் இல்லை.

இருபத்திரண்டு வயதில் தொண்டை வீங்கி, தோலெல்லாம் சிவந்து அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் அடுத்த குளிர்காலத்தில் ஆலை மணி எங்கோ மலைக்கு அந்தப் பக்கம் அடிப்பது போலக் கேட்டது. அதற்கடுத்த குளிர்காலத்தில் மணியே இல்லை. இருபத்தேழு வயதில் அவளுக்கு மிஞ்சியது, பியானோவின் இடது கோடிக் கட்டைகளைப் பலமாக அழுத்தினால் முழங்கால் வழியாக ஏறி வருகிற ஓர் அதிர்வு மட்டும்தான்.

இந்த நிலைமையில் அவள் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து வந்தாள் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் அவளிடம் பயின்ற பெண்கள் மற்ற வாத்தியார்களிடம் பயின்றவர்களைவிடச் சுத்தமாக வாசித்தார்கள். அவள் விரல்களைப் பார்ப்பாள். ஒரு விரல் பக்கத்துக் கட்டையை உரசினால் போதும், அடிக்கோலால் ஒரு தட்டு விழும். எதிரே நின்று பேசுகிறவர்களின் உதடுகளைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால்தான் வம்பு. தேவாலய வாசலில் யார் கூப்பிட்டும் திரும்பாமல் போவாள். ராணியம்மாவுக்குத் தங்கை என்று நினைப்பு என்று ஊர் பேசிக்கொண்டது. செவிடு என்பதைவிடத் திமிர்பிடித்தவள் என்ற பெயர் தேவலை என்று அவளும் விட்டுவிட்டாள்.

ரூபன் பாரக்ளஃப் அவள் வாழ்க்கைக்குள் வந்தது பாட்டு வழியாகத்தான். அதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

ரூபனுக்கு முப்பத்திரண்டு வயது. அப்பா விட்டுப்போன சாயப்பட்டறையை நடத்திவந்தான். சனிக்கிழமை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் நீலம் போகாது. கிட்டப்பார்வை. நல்லவன். பாட்டு என்றால் உயிரை விடுவான். பாட்டும் அவனிடம் மாட்டிக்கொண்டு உயிரை விட்டது. லீட்ஸிலிருந்து வந்த பாட்டு வாத்தியார் ஒருவர் அவன் முகத்துக்கு முன்னால் ஒரு ஜாண் தூரத்தில் மெழுகுவத்தியை வைத்துப் பாடச் சொன்னாராம். நல்ல பாடகன் பாடினால் சுடர் அசையக்கூடாது, மூச்செல்லாம் குரலாகிவிட வேண்டும். ரூபன் முதல் அடியிலேயே சுடரை அணைத்துவிட்டான். வாத்தியார் தொப்பியை எடுத்துக்கொண்டு, வேறு ஏதாவது பொழுதுபோக்கு பார்க்கலாமே என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தக் கதையை ரூபனே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

அவனுக்குப் பியானோ வாசிக்க யாரும் சம்மதிப்பதில்லை. ஓர் இடத்தில் இழுப்பான், ஓர் இடத்தில் ஓடுவான், வார்த்தைக்கு நடுவில் மூச்சு வாங்குவான். அவனுடைய அத்தை மகள்கள் இருவரும் ஆளுக்கு ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்துவிட்டு, தலைவலி என்று ஒதுங்கிவிட்டார்கள். முந்தின வருடம் அவன் வீட்டு விருந்து ஒன்றில் வேறு ஆள் இல்லாமல் தபிதாவை உட்காரச் சொன்னார்கள். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். உட்கார்ந்தாள்.

அப்போது பியானோவின் நெஞ்சுப் பலகையில் இரண்டு பக்கமும் பித்தளைத் தண்டு நீட்டி, அதில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. கிட்டப்பார்வை ரூபன் பாட்டுத் தாளைப் படிப்பதற்காக அவள் வலது தோளுக்கு மேல் குனிந்தான். வலப்பக்கச் சுடர் பின்னால் சாய்ந்தது. மூச்சு இழுக்கிறான். முன்னால் சாய்ந்தது. பாடுகிறான். நிமிர்ந்தது. முடித்துவிட்டான். இரண்டாவது பாட்டிலேயே அவள் சுடரை வாசிக்கக் கற்றுக்கொண்டாள். ‘ப’ வரும் இடத்தில் அது குதிக்கும், ‘ம’ வரும் இடத்தில் சும்மா இருக்கும். அவன் இழுத்த இடத்தில் அவள் காத்திருந்தாள், ஓடிய இடத்தில் கூட ஓடினாள். அவன் மட்டும் நல்ல பாடகனாக இருந்திருந்தால் அன்றே அவள் கதை கந்தலாகியிருக்கும்.

பாட்டு முடிந்ததும் ரூபன் அவளுக்கு முன்னால் வந்து நின்றான். கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியிருந்தது.

"எத்தனையோ பேரு எனக்கு வாசிச்சிருக்காங்க, மிஸ் ஓல்ட்ராய்ட். என் பாட்டைக் காது குடுத்துக் கேட்டது நீங்க ஒருத்திதான்."

அன்றிலிருந்து அவளுக்கு அவன்மேல் ஆசை. அந்த ஆசையின் நடுவில் ஒரு முள்ளும் சேர்ந்தே முளைத்தது. அவன் எதற்காகத் தன்னை விரும்புகிறானோ அது தன்னிடம் இல்லாத ஒன்று என்பதை நினைத்து நினைத்து அவள் குமைந்தாள்.

சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம். ஆனால் ரூபனின் தாயார் இருந்தாள். கறுப்புப் பட்டும் வெள்ளைக் குல்லாயுமாக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஊர்ப் பெண்களை எடைபோடுகிற பாரக்ளஃப் அம்மாள். மளிகைக்காரர் மகளுக்குப் பேச்சு திக்கும் என்ற ஒரே காரணத்துக்காக அந்தச் சம்பந்தத்தைத் தட்டிவிட்டவள். நாய்க்குட்டி வாங்கினால்கூடக் கண், காது பார்த்துத்தானே வாங்குகிறோம் என்று தேநீர் மேசையில் வைத்து அவள் சொன்னதைத் தபிதா தன் கண்ணாலேயே படித்திருந்தாள்.

இன்னொரு பக்கம் ஆமோஸ். ஹன்னாவுக்கு நான்காவது பிள்ளை பிறக்க இருந்தது, தபிதாவும் இருந்த அந்த வீட்டில் இடமில்லை. கல்யாணம் ஆகாவிட்டால் புது வருஷத்தில் தபிதா விட்பி ஊருக்குப் போய், படுத்த படுக்கையாக இருக்கும் பெரிய அத்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவுசெய்து அவன் அத்தைக்குக் கடிதமும் எழுதிவிட்டான். அத்தைக்குத் தலைமாட்டில் ஒரு கைமணி. அதை அடித்தால் ஓடிவர வேண்டும், அவ்வளவுதான் வேலை என்று ஆமோஸ் சொன்னான். முதல் நாளே குட்டு உடைந்துவிடும். பிறகு செவிட்டூமைப் பெண்களுக்கென்று தர்மத்தில் நடக்கிற விடுதியைத் தவிர அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

நவம்பர் மாதம் முதல் வாரத்தில் ரூபனிடமிருந்து ஒரு புதுப் பாட்டுத் தாள் வந்தது. அட்டையில் ஆறும் படகும் துப்பட்டி போர்த்திய ஒரு பெண்ணும் அச்சிட்ட படம். ‘படகுத் துறையில் ஏமி’ என்று பெயர். வருகிற சனிக்கிழமை எங்கள் வீட்டில் இதைப் பாட நினைத்திருக்கிறேன், தயவுசெய்து பழகி வையுங்கள் என்று ஒரு சீட்டு.

ஹன்னா தாளை வாங்கிப் பார்த்தாள். மூன்று சரணம். ஒவ்வொரு சரணமும் ஏமி என்ற பெயரில் போய் நிற்கிறது. பெயருக்குப் பிறகு பியானோவில் ஒரு பெரிய அடி. அவள் தபிதாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெயர் மாற்றிப் பாடுவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். இளைஞன் கடைசிச் சரணத்தில் பாட்டுப் பெண்ணின் பெயரை எடுத்துவிட்டுத் தன் மனதில் இருப்பவளின் பெயரை வைத்துப் பாடுவான், பெரியவர்கள் நிறைந்த கூடத்தில். அதுதான் கேள்வி. பியானோவில் உட்கார்ந்திருப்பவள் கையைத் தூக்கி, தன் பெயர் முழுசாக வெளியே வரும்வரை காத்திருந்து, பிறகு மெதுவாகக் கட்டையை அழுத்தினால் அதுதான் சம்மதம். பெயர்மேலேயே ஓங்கி அடித்துவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, யாருக்கும் மானக்கேடு இல்லை என்று அந்த வழக்கத்தை மெச்சிக்கொள்வார்கள். அப்படி அடிபட்டவன் எவனும் மறுபடி அந்த வீட்டுப் படியேறி நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஆமோஸ் கடைக்குப் போனபின், ஹன்னா சமையலறை மேசைமேல் மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்துக் குனிந்து நின்றாள்.

"பாரு தபி. ஏமி." சுடர் அசையவில்லை. "இப்பப் பாரு. த-பி-தா." சுடர் ஒன்று, இரண்டு, மூன்று என்று குதித்தது.

"அண்ணி, அவர் பேரைச் சொல்லாமலே போயிட்டா?"

"போனா போகட்டும். நீ மூணு குதி வர்ற வரைக்கும் கையத் தூக்கியே வச்சிரு. கல்யாணம் ஆகட்டும், அப்புறம் நீயே பக்குவமா சொல்லிக்கோ. இப்ப மூச்சு விடாதே."

இருபது தடவையாவது பழகியிருப்பார்கள். ஹன்னாவுக்கு உதடு காய்ந்துவிட்டது, நான்காவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தவளுக்குத் தலையும் சுற்றியது. சனிக்கிழமை வரும்போது தபிதா, கண்ணை மூடினாலும் மூன்று குதியைப் பார்க்கிற நிலையில் இருந்தாள்.

சனிக்கிழமை நான்கு மணிக்கே புகையும் மழையும் சேர்ந்து நகரம் இருட்டிவிட்டது. ஆமோஸ் ஜலதோஷம் என்று வீட்டிலேயே தங்கிவிட்டான். பாரக்ளஃப் வீட்டில் ஐந்து மணிக்குத் தேநீர். பன்றித் தொடைக்கறி, ஊறுகாய் போட்ட வெங்காயம், ஓட்ஸும் கருப்பஞ்சாற்றுப் பாகும் போட்ட கேக். போதகரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள், அத்தை மகள்கள் இருவரும் வந்திருந்தார்கள். ரூபன் சாப்பிடவில்லை. கேக்கைப் பொடிப்பொடியாக உதிர்த்துத் தட்டின் ஓரத்தில் குவித்துக்கொண்டிருந்தான். தபிதா எல்லோருடைய உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக் களைத்துப்போனாள்.

எல்லோரும் கூடத்துக்கு எழுந்து போனார்கள். கதவைத் தாண்டியதும் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பியானோவின்மேல் மெழுகுவத்திகள் இல்லை. பித்தளைத் தண்டுகள் இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் நான்கு தெரிந்தன. மேலே ஒரு புது மண்ணெண்ணெய் விளக்கு உட்கார்ந்திருந்தது, முழ உயரக் கண்ணாடிக் கூண்டும் பச்சைக் குடையுமாக. கூண்டுக்குள் சுடர் பலகையில் வரைந்தது போல அசையாமல் நின்றது. புயல் அடித்தாலும் அது அசையாது.

பாரக்ளஃப் அம்மாள் பெருமையாக அவள் முகத்தைப் பார்த்தாள். தன் மகனுக்காகவே தருவித்தது, மெழுகு ஒழுகுகிற வெளிச்சத்தில் குனிந்து குனிந்து அவன் முதுகு வளைந்துபோகிறது, இனி நிமிர்ந்து நின்று பாடலாம் என்றாள். இருந்த ஒரே வழியும் அடைபட்டது போலிருந்தது தபிதாவுக்கு, நிமிர்ந்து நின்றால் அவன் மூச்சுகூட இனித் தன் தோளில் படாது.

மெழுகுவத்தி வெளிச்சமே தனக்குப் பழக்கம், அதுவும் ஒன்று இருந்தால் நல்லது என்று சொல்லிப் பார்த்தாள். ஹன்னாவும் ஆமாம் போட்டாள். தண்டுகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டாயிற்று, பட்டிக்காட்டு வழக்கத்தை விடுங்கள் என்று சொல்லிவிட்டு அம்மாள் நாற்காலியில் அமர்ந்தாள். அதற்கு மேல் கேட்டால் வீட்டுக்கார அம்மாளின் விளக்கைக் குறை சொல்வதாகும்.

கைவலி என்று சொல்லலாமா என்று தபிதா ஒரு கணம் யோசித்தாள். சொன்னால் ரூபன் இன்று கேட்கமாட்டான். அடுத்த சனிக்கிழமையும் இதே விளக்குதான் இருக்கும். புது வருஷத்துக்கு ஏழு வாரம் இருந்தது. அவள் போய் முக்காலியில் உட்கார்ந்தாள்.

பியானோ சுவரோரம் இருந்தது, அவளுடைய முதுகு கூடத்துக்கு. சுவரில் காலஞ்சென்ற பாரக்ளஃபின் படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அந்தக் கண்ணாடியிலாவது ரூபனின் வாய் தெரியுமா என்று நிமிர்ந்து பார்த்தாள். பெரியவரின் தாடி இருக்க வேண்டிய இடத்தில் விளக்கின் வெள்ளை வட்டம்தான் கண்ணைக் கூசவைத்தது.

இனி ஞாபகம்தான் துணை. ஒரு வருஷமாக அவன் மூச்சை அவள் படித்திருக்கிறாள். எங்கே இழுப்பான், எங்கே ஓடுவான் என்று ஒரு கணக்கு உண்டு. முதல் சரணம் ஆரம்பித்தது. முழங்காலைப் பலகையில் ஒட்டவைத்துக்கொண்டு வாசித்தாள். ஏமி வர வேண்டிய இடத்தில் ஒரு மூச்சு காத்திருந்து பெரிய அடியை அடித்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை, கலவரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது சரணமும் எப்படியோ போயிற்று.

மூன்றாவது சரணம். படகும் வந்தாச்சு, பனியும் வந்தாச்சு, இன்னும் யாருக்காக நிற்கிறாய் என்ற அடி. அவள் கையைத் தூக்கினாள். ஒரு மூச்சு. இரண்டு. மூன்று. இப்போது பாடியிருப்பான். இதற்கு மேல் காத்திருந்தால் பாட்டை மறந்துவிட்டாள் என்று நினைப்பார்கள். இல்லை, இன்னும் ஒரு மூச்சு. அவ்வளவுதான். தாளில் பலமாக என்று போட்டிருந்தது. பத்து விரலாலும் அடித்தாள்.

ரூபன் அன்று பயத்தில் என்றைக்கும் இல்லாத அளவுக்கு நிறுத்திவிட்டான். தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் கழுத்தின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, கடைசியில் தைரியம் வந்து வாயைத் திறந்த அதே நொடியில் அந்த அடி விழுந்தது. தபிதா என்ற பெயரின் முதல் எழுத்து மட்டும் கூடத்துக்குக் கேட்டது. மற்றவை பியானோவுக்கு அடியில் நசுங்கிப்போயின. அவள் நிறுத்தவும் இல்லை. முடிவில் வருகிற துள்ளல் வரிகளைக் கடகடவென்று ஓட்டி, கைகளை மடியில் வைத்து, விருந்துக்கென்று வைத்திருக்கும் புன்னகையுடன் திரும்பினாள்.

யாரும் கைதட்டவில்லை. போதகர் தன் பூட்சைப் பார்த்தார். அத்தை மகள்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாரக்ளஃப் அம்மாளின் முகம் சிவந்து, அதன் நடுவில் வாய் ஒரு கோடாக இருந்தது. ரூபனின் முகத்தில் ரத்தமே இல்லை. தபிதா இன்னும் புன்னகைத்துக்கொண்டிருந்தாள், அதை எங்கே கழற்றி வைப்பது என்று தெரியாமல்.

கடைசி வரிசையில் ஹன்னா. அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அவள் தபிதாவை நேராகப் பார்த்து, குரல் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். உன் பேரு. உன் பேருமேல அடிச்சிட்டே.

தபிதா முக்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்திருப்பதற்குள் ரூபன் கூடத்தைவிட்டுப் போய்விட்டான். திரும்பி வரும்போது அவன் கையில் அவளுடைய மழைக்கோட்டும் ஹன்னாவின் சால்வையும் இருந்தன. மரியாதை தெரிந்த மனிதன், வெளியே போ என்று சொல்லமாட்டான். கோட்டை விரித்து அவள் தோளுக்கு நேராகப் பிடித்தான்.

"மழை வலுக்கறதுக்குள்ள கிளம்புனா நல்லது, மிஸ் ஓல்ட்ராய்ட். இத்தனை நாள் எனக்காக வாசிச்சதுக்கு நன்றி."

கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விடலாம். காது விஷயம் யாருக்கும் தெரியாது. திமிர்பிடித்தவள் என்ற பழைய பெயரோடு, ஒரு நல்லவனை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினவள் என்ற புதுப் பெயரும் சேரும், அவ்வளவுதான். ஹன்னா தலையை மெல்ல ஆட்டினாள். சொல்லாதே என்கிறாள். இதுவரை காதும் காதும் வைத்தது போலக் காத்த ரகசியம். ஆனால் கோட்டின் விளிம்பில் ரூபனின் விரல்கள் தெரிந்தன. அந்த நீல நகங்களைப் பார்த்ததும் அவளுக்கு அடக்க முடியவில்லை.

"நீங்க பாடுனது எனக்குக் கேக்கலை."

"இந்தக் கூடத்துல எல்லாருக்கும் கேட்டுச்சு."

"எனக்குக் கேக்காது. காது போயி நாலு வருஷம் ஆச்சு." குரல் சரியாக வருகிறதா, மிக உரக்கச் சொல்கிறோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. "இன்னிக்கு மட்டும் இல்ல. நீங்க பாடுனது எதையுமே நான் கேட்டதில்ல. ஒரு பாட்டுகூட."

அவன் அடிபட்டவன் போலப் பின்னால் நகர்ந்தான். இப்போது அவள் அவனை இரண்டாவது தடவையாக அவமானப்படுத்திவிட்டாள். இது முன்னதைவிட ஆழமாகப் போயிற்று.

பாரக்ளஃப் அம்மாள் எழுந்து வந்து தபிதாவின் முகத்துக்கு நேரே நின்றாள். ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்பது போல உதட்டைப் பிரித்துப் பிரித்துப் பேசினாள்.

"ஒரு வருஷமா எங்க வீட்டு டீயக் குடிச்சு, எங்க பையன முட்டாளாக்கியிருக்கே. இப்ப தப்பிக்கறதுக்கு ஒரு கதையா?"

"கதை இல்லம்மா" என்று ஹன்னா எழுந்தாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

ரூபன் மட்டும் தபிதாவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கேட்காதவள் எப்படித் தன்னோடு நின்றாள், எப்படி ஓடினாள் என்று கேட்டான். வேகமாகக் கேட்டான், உதட்டை நன்றாகக் காட்ட அவனுக்குத் தெரியவில்லை. அவள் அவனை இரண்டாவது தடவை கேட்க வைத்தாள். பிறகு சொன்னாள்.

"மெழுகுவத்தி. நீங்க பாடினா சுடர் ஆடும். அதைப் பாத்து வாசிச்சேன்."

அத்தை மகள்களில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லீட்ஸ் வாத்தியாரின் கதை எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ரூபனின் காது மடல் சிவந்தது. அவன் கோட்டை அவள் கையில் வைத்துவிட்டு, விறுவிறுவென்று சமையலறைப் பக்கம் நடந்தான். வரும்போது தகரத் தட்டில் ஒட்டவைத்த சமையலறை மெழுகுவத்தி ஒன்று. பாதி எரிந்தது, மாட்டுக் கொழுப்பில் வார்த்தது, நாற்றம் அடித்தது. புது விளக்கைத் தூக்கி அம்மாளின் தையல் மேசைமேல் வைத்தான். பியானோமேல் தகரத் தட்டை வைத்தான்.

"ரூபன், விருந்தாளிங்க இருக்காங்க" என்றாள் தாயார்.

"இருக்கட்டும்மா. அவங்களும் பாக்கட்டும்." தபிதாவைப் பார்த்து முக்காலியைக் காட்டினான். "உக்காருங்க. இது பொய்யா இருந்தா இதோட சரி."

அவள் கோட்டைத் தோளில் போட்டபடியே உட்கார்ந்தாள். அவன் குனிந்தான். அவன் கோபமாக இருந்தான் என்பது முதல் மூச்சிலேயே சுடரில் தெரிந்தது. முதல் சரணத்தில் என்றைக்கும் நிறுத்தாத இடத்தில் நிறுத்தினான். சுடர் நிமிர்ந்தது, அவள் கையும் நின்றது. திடீரென்று ஓடினான், சுடர் படுத்துக்கொண்டு ஓடியது, அவளும் ஓடினாள். இரண்டாவது சரணத்தில் வேண்டுமென்றே ஒரு வார்த்தையை விட்டான், ஒரு வார்த்தையை இரண்டு தரம் பாடினான். விரல்கள் விடாமல் அவனுடன் போயின. சிரித்த பெண் சிரிப்பை நிறுத்திவிட்டாள். போதகர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்.

மூன்றாவது சரணம் வந்தது. படகும் வந்தாச்சு, பனியும் வந்தாச்சு, இன்னும் யாருக்காக நிற்கிறாய்.

அவள் கையைத் தூக்கினாள்.

சுடர் நேராக நின்றது. ஏமி என்று பாடினால் சுடர் அசையாது. அவன் இன்னும் பாடவில்லையா, இல்லை, ஏமி என்று பாடி முடித்துவிட்டானா? முடித்துவிட்டிருந்தால் கூடம் முழுவதும் இப்போது அவள் தூக்கிய கையைப் பார்த்துக்கொண்டிருக்கும், வராத பெயருக்குக் காத்திருக்கும் ஒரு செவிட்டுப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும். திரும்பி ஹன்னாவின் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். திரும்பினால் சுடரைத் தவறவிட்டுவிடுவாள்.

முன்பு மூச்சுகளை எண்ணினாள், அதனால்தான் கெட்டது. இந்த முறை எண்ணக்கூடாது. கை வலித்தது. தோளிலிருந்து கோட்டு நழுவித் தரையில் விழுந்தது. கொழுப்பு உருகித் தட்டில் சொட்டியது. மெழுகுவத்தி முழுவதும் எரிந்து தீர்ந்தாலும் காத்திருப்பது என்று தீர்மானித்தாள். வாழ்க்கையில் எதையும் அவள் அவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை.

சுடர் பின்னால் சாய்ந்தது.

பிறகு குதித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

அவள் சுடர் நிமிரும்வரை பொறுத்தாள். தாளில் பலமாக என்றுதான் போட்டிருந்தது. கைக்குழந்தையைத் தொட்டிலில் இறக்குவது போலப் பத்து விரலையும் கட்டைகளின்மேல் இறக்கினாள்.

பித்தளைத் தண்டுகளைத் திங்கட்கிழமை பியானோவில் திரும்பவும் மாட்டச் சொன்னது பாரக்ளஃப் அம்மாள்தான். புது விளக்கு புகைகிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று காரணம் சொன்னாள். மருமகளிடம் நேருக்கு நேர் நின்று, உதட்டைப் பிரித்துப் பேசுகிற வழக்கத்தை அவள் சாகும்வரை விடவில்லை. முதலில் அது தண்டனையாக இருந்தது. பிறகு அன்பாக ஆகிவிட்டது. எந்த மாதத்தில் என்று இருவருக்குமே தெரியாது.

தபிதாவும் ரூபனும் முப்பத்தோரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். சனிக்கிழமைதோறும் வீட்டில் பாட்டு உண்டு. விருந்தாளிகள் வர வர ஒவ்வொருவராகக் குறைந்ததும் உண்மை. ரூபன் போன பிறகு ஒரு நாள் ஹன்னா பழைய கதையைக் கிளறினாள். அந்தச் சனிக்கிழமை மூன்றாவது சரணத்தில் அவன் குரல் உடைந்து, சுருதியைவிட்டு எங்கேயோ போய், தபிதா என்ற பெயர் கதவுக் கீல் கத்தியது போல வந்தது என்றும், போதகரின் மனைவி கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள் என்றும் சொன்னாள். கிழவிகள் இருவரும் அடுப்போரம் உட்கார்ந்திருந்தார்கள். தபிதா ஹன்னாவின் உதட்டைக் கடைசிவரை பொறுமையாகப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"இல்ல அண்ணி. அவர் ஒரு நாளும் சுருதி தப்பிப் பாடினதில்ல."